சின்னம்மாவோடு பத்து நாள்: கொழும்பிலிருந்து கரையோரமாகப் போய் மலைவழியே திரும்புவது எப்படி

பத்து நாள், இரண்டு பேர், 80,000 ரூபாய். 2025 பெப்ரவரியில் வெள்ளவத்தை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி, காலி, மாத்தறை, கதிர்காமம் என்று தெற்குக் கரையைச் சுற்றி, அப்புத்தளையில் மலையேறி, கண்டி வழியாகத் திரும்பி வந்தோம். என்னோடு வந்தவர் அம்மாவின் தங்கை. அவருக்கு 61 வயது. படியிறங்கும்போது வலது முழங்கால் வலிக்கும். கோயில் யாத்திரைக்கு வான் பிடித்துப் போனதைத் தவிர, தன் பையைத் தானே சுமந்து ஊர் பார்த்தவர் அல்லர்.

அதற்குப் பிறகு பலர் என்னிடம் வழி கேட்டுவிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், அம்மாவையோ மாமியையோ அழைத்துப்போக ஆசைப்படுகிறவர்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வாகனம், மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் படுக்கை. வானை விட்டுவிட்டு பஸ்ஸிலும் மூன்றாம் வகுப்பு ரயிலிலும் போனால் நேரம்தான் கூடும். மலிவு அறையில் ஓர் இரவு தூங்காமல் கிடந்தாலோ, வயதானவரின் உடம்பு அடுத்த இரண்டு நாளும் அதற்கு வட்டி கட்டும்.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை தெற்குக் கடல் அமைதியாக இருக்கும், மலையிலும் வெயில் அடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அதே கடல் கொந்தளிக்கும். கால் நனைக்கக்கூடப் பயமாக இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் மலைப்பக்கம் போகவே வேண்டாம் என்பேன். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29 அன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது.

டிசம்பர் கடைசி வாரமும் புத்தாண்டும் சேர்ந்த நாட்களில் கரையோர அறைகளின் விலை எகிறும். ஏப்ரலில் நுவரெலியாவும் அப்படித்தான். பாடசாலை நடக்கும் பெப்ரவரியும் மார்ச்சும் நமக்கு ஏற்றவை. நாட்காட்டியில் போயா தினங்களை, அதாவது பௌர்ணமி விடுமுறைகளை, சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். போயாவுக்கு முந்தின மாலையும் மறுநாளும் தூரப் பஸ்ஸில் ஏறாமல் ஓரிடத்தில் தங்கிவிடுவது நல்லது.

காசு

நாளொன்றுக்கு 8,000 ரூபாய் என்று வைத்தேன். அறைக்கு 4,000, இருவர் சாப்பாட்டுக்கு 2,200, பஸ், ரயில், முச்சக்கரவண்டிக்கு 800, எதிர்பாராததற்கு 1,000. இது நாங்கள் போன காலத்துக் கணக்கு. நீங்கள் போகும்போது விலை மாறியிருக்கும், பங்கு பிரிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைய 8,000 ரூபாயைக் காலையில் எடுத்துச் சின்னம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் அதை ஒரு நீலக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொள்வார். தேநீருக்கும் வடைக்கும் அவர்தான் முடிச்சை அவிழ்ப்பார். கூட வருகிறவர் கையில் பணப்பொறுப்பு இருந்தால், "எனக்காகச் செலவு செய்கிறாயே, மகள்" என்ற கூச்சம் முதல் நாளோடு போய்விடுகிறது. நான் திட்டமிட்டுச் செய்ததில் பெரிய பலன் தந்தது இதுதான்.

மிச்சம் கூடுதலாகக் கிடைப்பது சாப்பாட்டில். கடற்கரையைப் பார்த்த கடைகளில் உட்காராதீர்கள். பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் போங்கள். காலையில் இடியப்பம், சொதி, சம்பல். மதியம் ஒரு சோற்றுப் பார்சல். இரவுக்கு ரொட்டியும் பருப்பும். பார்சல் ஒன்றை வாங்கி நாங்கள் இருவரும் பகிர்ந்திருக்கிறோம், அவ்வளவு சோறு வைப்பார்கள். 20, 50, 100 ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் பஸ் நடத்துனரும் சங்கடப்படுவார், நீங்களும் மீதிக்காகக் காத்திருக்க வேண்டும்.

பை

என் பை ஏழு கிலோ, சின்னம்மாவுடையது மூன்றரை. வீட்டுத் தராசில் நிறுத்தே கட்டினோம். சேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கதிர்காமத்துக்கென்று ஒரு நூல்சேலை மட்டும், மற்ற நாளுக்கு மூன்று சல்வார். மெல்லிய துவாய் இரண்டு, குளிருக்குக் கம்பளிச் சால்வையும் காலுறையும், மழைக்குக் குடையல்ல, மழைக்கோட்டு. மலையில் காற்றடிக்கும்போது குடை உதவாது. புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுக்க நினைத்தால் ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டிலேயே போட்டு நடக்கச் சொல்லுங்கள்.

மருந்துக் குளிசைகளை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பையில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மருந்து தொலையாது. அடையாள அட்டை இருவரிடமும் கையிலேயே இருக்கட்டும், விடுதியில் கேட்பார்கள். அவசர எண்களைச் சின்னம்மாவின் கைப்பேசியிலும் பதிந்து கொடுத்தேன்: இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஒருநாள் போய்வாருங்கள். காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனம், பாரசீகத்தோடு மூன்றாவது மொழி தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. தேனவரை என்பது நாம் போகப்போகிற தெவிநுவர. சின்னம்மா அந்தக் கல்லின் முன் வெகுநேரம் நின்றார். வழியெல்லாம் அவருக்கு அந்தப் பெயர் நினைவில் இருந்தது.

கரை: மருதானையில் ஏறுங்கள்

வெள்ளவத்தையில் வீடு இருப்பதால் வெள்ளவத்தையில் ஏறத் தோன்றும். அங்கே ரயில் வரும்போது இருக்கை இருக்காது. தெற்கே போகும் ரயில்களில் பல மருதானையில் புறப்படுகின்றன. அது கோட்டை நிலையத்துக்கும் முந்தியது. அங்கேயே போய் ஏறினால் மூன்றாம் வகுப்பிலும் யன்னலோரம் கிடைக்கும். வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். காலிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு சோற்றுப் பார்சல் விலையைத் தாண்டாது.

கொள்ளுப்பிட்டியிலிருந்தே தண்டவாளம் கடலை ஒட்டி ஓடும். வெள்ளவத்தையைக் கடக்கும்போது, தினமும் காலையில் நடக்கும் அந்தக் கரையைச் சின்னம்மா ரயிலுக்குள்ளிருந்து முதன்முறையாகப் பார்த்தார். அலை கல்லில் மோதித் தெறித்த துளி அவர் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. அதைத் துடைக்காமலே பாணந்துறை வரை வந்தார்.

ஹிக்கடுவைக்குச் சற்று முன் பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 அன்று நிறைந்து வந்த ரயில் ஒன்றை ஆழிப்பேரலை அங்கேதான் அடித்துப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வண்டி அந்த இடத்தைக் கடக்கையில் எங்கள் எதிரே இருந்த சிங்கள அம்மா கைகூப்பினார். நாங்களும் கூப்பினோம்.

காலியில் இரண்டு இரவு தங்குங்கள். கோட்டைக்குள் அறை எடுக்க வேண்டாம். நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பாதி விலைக்கு நல்ல அறைகள் உள்ளன. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய மதில், 1988 முதல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. மதிலின் மேல் நடக்க மாலை நான்கரைக்குப் பிறகு போங்கள். நடுப்பகலில் அங்கே நிழலே கிடையாது.

அடுத்த இரண்டு இரவும் மாத்தறை. மிரிஸ்ஸவும் உனவட்டுனவும் பெயர் பெற்ற இடங்கள், அதற்கேற்ற விலையும் உண்டு. பஸ்ஸில் பகலில் போய்ப் பார்த்துத் திரும்பிவிடலாம். மாத்தறை பொல்ஹேன கடற்கரையில் பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் குளம் போல நிற்கும். நீந்தத் தெரியாத சின்னம்மா இடுப்பளவு நீரில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி அன்று இரவு அவரை எழுப்பவில்லை.

அங்கிருந்து பஸ்ஸில் சிறிது தூரம் தெவிநுவர. தேனவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். இன்று அவ்வூரில் விஷ்ணு தேவாலயம் இருக்கிறது; இன்னும் தெற்கே போனால் தீவின் தென்முனையில் 49 மீற்றர் உயரக் கலங்கரை விளக்கம்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். கரையோர ஊர் ஒன்றில் 1,500 ரூபாய் குறைகிறதே என்று படம் பார்த்து அறை பிடித்தேன். பின்னிரவில் தண்ணீர் நின்றுவிட்டது. கழிவறை வெளியே, விளக்கில்லாத ஆறு படி இறங்க வேண்டும். சின்னம்மா என்னை எழுப்பக் கூடாதென்று விடியும்வரை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றிலிருந்து அறைக்குப் பணம் கொடுக்குமுன் மூன்றைப் பார்க்கிறேன்: குழாயைத் திறந்து பார்ப்பது, கழிவறை அறையோடு சேர்ந்திருக்கிறதா, இருந்து எழும்பக்கூடிய கழிவறையா. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டுக்குப் போங்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் ஊர் போய்ச் சேர்ந்தால்தான் இப்படித் தேடித் தேர்ந்தெடுக்க முடியும்.

பஸ்ஸில் போகும் விதம்

மாத்தறையிலிருந்து கதிர்காமத்துக்கு 32ஆம் இலக்க பஸ் வரும். அது கொழும்பிலிருந்தே நிறைந்து வருவது. நீங்கள் மாத்தறையிலேயே புறப்படும் திஸ்ஸமகாராம பஸ்ஸைப் பிடித்து, அங்கே மாறுங்கள். நிலையத்தில் நிற்கும் பஸ்ஸில் ஏறினால் இருக்கை கிடைக்கும், முதுகுப்பையைச் சாரதிக்குப் பக்கத்தில் வைக்கச் சாவகாசமும் இருக்கும். சில தனியார் பஸ்களில் பெரிய பைக்கு ஓர் இருக்கைப் பணம் கேட்பார்கள், ஏறுமுன்பே பேசிவிடுங்கள்.

இறங்கும் நேரம்தான் வயதானவர்களுக்கு ஆபத்து. கால் தரையில் படுமுன்பே வண்டி நகரும். சிங்களம் அதிகம் தெரியாதவர்கள் இந்த ஒரு வரியையாவது பழகிக்கொள்ளுங்கள்: "பொட்டக் இன்ன, அம்மா பஹினவா." கொஞ்சம் இருங்கள், அம்மா இறங்குகிறார் என்று பொருள். ஒருமுறைகூட யாரும் நிறுத்தாமல் போனதில்லை. "வெசிகிளிய கொஹெத?" என்பது கழிவறை எங்கே, "கீயத?" என்பது எவ்வளவு. மூன்று மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணத்தை நடுவில் முறித்துக்கொள்ளுங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். பயணத்தில் அவர்கள் உடம்பு கெடுவதற்கு அதுவே முதற்காரணம்.

கதிர்காமத்தில் மாலைப் பூசைக்கு இருக்கும்படி போய்ச் சேருங்கள். மாணிக்க கங்கையில் குளித்து ஈரத்தலையோடு நடந்து போக வேண்டும். சன்னிதியில் திரை விலகுவதில்லை. கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். ஆடி வேல் விழாக் காலத்தைத் தவிர யாத்திரிகர் அறைகள் மலிவாகக் கிடைக்கும். இதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கூட வருகிறவர்களே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

மலை: எல்லவில் தங்காமல் அப்புத்தளையில் தங்குங்கள்

காலையிலேயே கிளம்பிப் புத்தல வழியாக வெல்லவாய வாருங்கள். அந்தக் காட்டுவழியில் யானை வீதியோரம் நிற்கும். வெல்லவாயவில் வழி பிரிகிறது. எல்லோரும் எல்ல பஸ்ஸில் ஏறுவார்கள். நாங்கள் கொஸ்லந்த, பெரகல வழியாக அப்புத்தளைக்கு ஏறினோம். வழியில் 220 மீற்றர் உயர தியலும நீர்வீழ்ச்சி பஸ்ஸிலிருந்தே தெரியும். வளைவுகள் தலையைச் சுற்ற வைக்கும். இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வது உதவும். இந்த வீதிகளில் இரவில் போகவே கூடாது. மழை விடாமல் பெய்தால் போகாமல் கீழேயே தங்கிவிடுங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறார்களா என்று 117இல் கேட்கலாம்.

எல்லவில் அறையும் சாப்பாடும் வெளிநாட்டவர் விலையில் இருக்கின்றன. அப்புத்தளை அப்படியல்ல. கடைக்காரர், முச்சக்கரவண்டிச் சாரதி, பூ விற்கும் பெண் என்று பலரும் தமிழில் பேசுவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஐந்து நிமிடத்துக்குள் சின்னம்மா யாரிடமோ மரக்கறி விலை கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று இரவு இங்கே போடுங்கள்.

முதல் காலை லிப்டன் இருக்கை என்ற மலையுச்சிக்கு. அப்புத்தளையிலிருந்து தம்பத்தென்னத் தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் போகும். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டியது. அங்கிருந்து தேயிலைக்குள் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் ஏற்றம். முச்சக்கரவண்டியில் உச்சிக்குப் போய் நடந்து இறங்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது தலைகீழ் யோசனை, இறக்கம்தான் வலியைக் கிளப்பும். நாங்கள் கடைசி இரண்டு கிலோமீற்றரை மட்டும் மெல்ல ஏறினோம், இறங்குவதற்கு வண்டியைக் காத்திருக்கச் சொன்னோம். ஒன்பது மணிக்குள் உச்சியில் இருங்கள், பிறகு மேகம் வந்து மூடிவிடும்.

கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். அவர்கள் வேலையில் நிற்கிறார்கள், அந்த நேரத்துக்கு நிறை கணக்கு உண்டு. சின்னம்மா வரம்பில் நின்றபடி ஒரு பெண்ணிடம் பேசினார். அந்தப் பெண் கை நிறுத்தவில்லை: இரண்டு இலையும் ஒரு குருத்தும் கிள்ளி, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக வீசினார். விரல்நுனிகள் கறை ஏறிக் கறுத்திருந்தன. "இவ்வளவு ஏற்றத்தில் முழங்கால் வலிக்காதா?" என்று சின்னம்மா கேட்டார். "வலிக்குந்தான் அம்மா, இரவில் தைலம் போடுவேன்" என்றார் அவர். சின்னம்மா பையைத் திறந்து தன் தைலப் போத்தலைக் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் ரயிலில் எல்லவுக்குப் போய்த் திரும்புங்கள். தெமோதரப் பக்கம் நடந்தால் 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம். உருக்கு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டியது. பாலத்தின் மேல் நடக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள், ஓரத்து மேட்டிலிருந்து பார்த்தாலே போதும். ரயில் கதவில் தொங்கிப் படமெடுத்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. அட்டை கடித்தால் பிய்க்க வேண்டாம். சவர்க்காரம் தடவினால் தானே விழும்.

திரும்பும் வழி

மலை ரயிலை இந்தத் திசையில், அதாவது மேலிருந்து கண்டியை நோக்கிப் பிடிப்பதற்காகவே கரையை முதலில் வைத்தேன். கண்டியிலிருந்து எல்லவுக்குப் போகும் வண்டிகளில் கால்வைக்க இடமிருக்காது. எதிர்த்திசையில் கூட்டம் குறைவு. முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். இதல்கஸ்ஹின்னவைத் தாண்டி, ஒஹியவுக்குப் பின் பட்டிப்பொல வரும். 1,891 மீற்றர் உயரத்தில் நாட்டின் மிக உயர்ந்த ரயில் நிலையம். அங்கே கம்பளிச் சால்வையை எடுத்துக் கொடுங்கள்.

டித்வா இந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. ஆகவே எந்தப் பகுதிவரை வண்டி ஓடுகிறது என்பதைக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே நாட்களை வகுங்கள். ரயில் இல்லாவிட்டால் பஸ்ஸில் பண்டாரவளை, வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குப் போகலாம். சீதா எலியவில் சீதையம்மன் கோயில் வீதியோரத்திலேயே இருக்கிறது. நுவரெலியாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் றம்பொடை, கம்பளை வழியாகக் கண்டிக்கு இறங்குங்கள். நுவரெலியாவில் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போவதுண்டு. வெந்நீர் வரும் அறையாகப் பார்த்து எடுங்கள்.

கண்டியில் ஓர் இரவு போதும். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலுக்கும் தலதா மாளிகைக்கும் மாலையிலேயே போய்வந்து, மறுநாள் முற்பகல் ரயிலில் கொழும்புக்குத் திரும்புங்கள். கோட்டையில் இறங்கியதும் பையோடு காலி வீதி பஸ்ஸில் நசுங்க வேண்டாம். அதே நிலையத்தில் மேடை மாறிக் கரையோர ரயிலைப் பிடித்தால் சிறிது நேரத்தில் வெள்ளவத்தை.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா கைக்குட்டையை அவிழ்த்து எண்ணினார்: 6,340 ரூபாய் மிச்சம். மறுபடியும் முடிந்து பையின் உட்பையில் வைத்தார். கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும், அப்போது திருகோணமலைக்குப் போகலாம் என்று ரயிலில் வரும்போது சொல்லியிருந்தேன். "கோணேசருக்கு அந்த நூல்சேலையே போதும், மகள்" என்றார்.